தவிட்டம்மாள்

பிப்ரவரி 2, திங்கள்

மழை. வால்தம்ஸ்டோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ், இருபது நிமிடம் தாமதம். பாப்பா பிறந்து இன்று ஐந்தாம் நாள். ஒன்றேகால் கிலோ. காலையில் இரண்டு முறை மூச்சுவிட மறந்தாளாம். சாவியை மறந்ததுபோல அத்தனை சாதாரணமாகச் சொல்கிறாள் நர்ஸ். அலாரம் அடித்தாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

இன்குபேட்டரில் 'தன்யாவின் குழந்தை' என்று அட்டை. செந்தில் பெயர்ப் பட்டியலோடு வந்தார். அத்விகா, ஆதிரா, இன்னும் எட்டு. முந்தைய இரண்டு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் அழகழகாய்ப் பெயர் வைத்தோம். இரண்டும் ஒரு வாரம் தாண்டவில்லை. பட்டியலை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

லண்டனில் செந்திலைத் தவிர யாருக்கும் தெரியாதது: என் பெயர் தன்யா இல்லை. தவிட்டம்மாள். எனக்கு முன்னால் அம்மாவுக்கும் இரண்டு போய்விட்டன. என்னைப் பெற்றதும் 'இது என் பிள்ளை இல்லை' என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து, நான் தேறிய பிறகு, ஒரு படி தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கினாள். எமன் பெற்றவளிடம்தான் வருவானாம். தவிட்டு விலைப் பொருளைத் தொடமாட்டானாம்.

எங்கள் ஊரில் அப்போதே அது பழைய பெயர். கல்லூரியில் 'மாட்டுத் தீவனம்' என்றார்கள். கெஜட்டில் மாற்றினேன். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் செந்தில் சிரிப்பார்.

மாற்றிய பிறகுதான் இரண்டு பிள்ளைகளும் போயின. படித்தவள் இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

பக்கத்து வீட்டு ராணி அக்காவிடம் எல்லாம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்கவில்லை.

"எங்கட பக்கமும் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை எண்டு பகிடியாச் சொல்லுவினம். நான் வாறன், நீங்கள் யோசிக்காதேங்கோ."

மதியம் அழைத்துப் போனேன். கண்ணாடிமேல் கை வைத்து, உரக்க: "இது என் பிள்ளை இல்லை. ராணி அக்கா பிள்ளை." சொல்லும்போதே பால் கசிந்து சட்டை நனைந்தது.

என்ன சொல்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் ராணி அக்கா பெருமையாக ஆங்கிலத்தில் விளக்கிவிட்டார்: அவளுடைய பிள்ளை இல்லையாம், இனி என்னுடையதாம். நர்ஸின் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டரில் நீளமாக ஏதோ எழுதினாள்.

பிப்ரவரி 5, வியாழன்

எட்டாம் நாள். ஒரு வாரம் தாண்டிவிட்டாள். உரக்கச் சொல்லப் பயம்.

செந்திலுக்குப் போன் வந்தது. தாய் பிள்ளையை ஏற்க மறுக்கிறாள் என்று பதிவாகியிருக்கிறது. நாளை மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வருகிறார்.

"பைத்தியமா உனக்கு? பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னா என்ன செய்வ?"

என்ன செய்வேன். என் பிள்ளை என்றால் எமன் காதில் விழும். இல்லை என்றால் இவர்கள் காதில் விழும்.

வாங்க வேண்டியது: பால் பாட்டில் 4, குட்டித் தொப்பி, பிரெட், கோதுமைத் தவிடு (சூப்பர் மார்க்கெட், ஓட்ஸ் இருக்கும் வரிசை).

அம்மா மூன்று மாதம் பொறுத்தாள். எனக்கு ஒரு நாள்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். வந்த பெண்மணி மென்மையானவர். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: இது யாருடைய குழந்தை?

மானிட்டரைப் பார்த்தேன். அலாரம் இல்லை. பையிலிருந்து தவிட்டுப் பொட்டலத்தை எடுத்து, கூட வந்திருந்த ராணி அக்காவிடம் நீட்டினேன். அவசரத்தில் கொஞ்சம் தரையில் கொட்டியது.

"இந்தாங்க அக்கா. பிள்ளையக் குடுங்க."

"ஓம், கொண்டு போங்கோ." அழுதுவிட்டார்.

"என்னுடையவள்," என்றேன் பெண்மணியிடம். பிறகு எல்லாம் சொன்னேன். அம்மா, தவிடு, முந்தைய இரண்டு பேர். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். குழந்தைக்குப் பெயர்?

செந்தில் என் கைப்பையில் பட்டியலைத் தேடினார். நான் முந்திக்கொண்டேன். "தவிட்டம்மாள்."

அப்படியென்றால்?

யாரும் ஆசைப்பட்டு எடுத்துப் போகாதது, என்றேன்.

செந்தில் சிரிக்கவில்லை. அட்டையில் எழுத, நர்ஸிடம் பேனா கேட்டார்.