காற்று எவ்வளவு மிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

பெட்டி கட்டியாயிற்று. அவனுக்கு டைவிங் பை ஒன்று, குழந்தைக்குப் பைகள் மூன்று. "உன் பை எங்க?" என்று கேட்டான். குழந்தையின் மூன்றாவது பையில், டயப்பர் கட்டுக்கு அடியில், என் மாஸ்க் இருக்கிறது. அதுதான் என் பை.

அம்மா போனில் ஒரு பாட்டம் பாடித் தீர்த்தாள். "பல்லு முளைக்கிற பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு கடலுக்கடியில என்னடி வேலை? வீட்டுக் குழாயில தண்ணி வரலையா?" சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பவளப்பாறை எல்லாம் அவன் பார்க்கட்டும். எனக்கு அங்கே மூழ்கிக் கிடக்கிற அந்தக் கப்பல் ஒன்று போதும். கல்யாணமான புதிதில் அதைப் பார்க்கத்தான் போனோம். அலை அதிகம் என்று படகே கிளம்பவில்லை. இந்த முறை அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான்: "கடைசி நாள் முழுக்க உனக்கு. கப்பலும் உனக்கு. இவன நான் பாத்துக்கறேன்."

அவனுக்குக் கடலைக் காட்டியதே நான்தான். கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போதே நான் கற்றுக்கொண்டது. என் பின்னால் சுற்றுவதற்காக அவன் கற்றுக்கொண்டான். முதல் நாள் தண்ணீருக்குள் என் கையை நசுக்கிப் பிடித்திருந்தான், மோதிர விரல் வீங்கிவிட்டது. இப்போது நான் நீச்சல் குளத்தில் ஒரு நாள் பழைய பயிற்சியைத் தூசி தட்டிவிட்டு வருகிறேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

கட்டெறும்பு என்றதும் — குழந்தை எழுந்துவிட்டான். நம் வீட்டுக் கட்டெறும்பு. கடித்தால் விடமாட்டான், அதனால் அந்தப் பெயர். வருகிறேன்.

மார்ச் 6, வியாழன்

வந்து சேர்ந்தோம். விமானம், பிறகு வேன், பிறகு படகு. எறும்பு மூன்றிலும் அழுதான்.

அறை பரவாயில்லை. கட்டில் ஒரு பக்கம் சாய்கிறது, விசிறி மூன்றாம் எண்ணில் வைத்தால் டக் டக் என்கிறது, அந்தச் சத்தத்தில் எறும்பு தூங்குகிறான். சன்னலைத் திறந்தால் படகுத்துறை நேராகத் தெரிகிறது. நல்லது என்று நினைத்தேன். நல்லதா?

மார்ச் 7, வெள்ளி

காலையில் படகு கிளம்பியதைச் சன்னலில் நின்று பார்த்தேன். எறும்பின் கையைப் பிடித்து ஆட்டவைத்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

படகு புள்ளியாகிற வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கயிறு அறுந்தால்? நீரோட்டம் இழுத்துப் போனால்? முன்பெல்லாம் எனக்கு இந்த யோசனைகளே வந்ததில்லை. நானே இருபது மீட்டர் ஆழத்தில் மல்லாந்து கிடந்து என் குமிழிகள் மேலே போவதை வேடிக்கை பார்த்தவள். இப்போது துணி காயப்போட மாடிப்படி ஏறினாலே, நான் விழுந்தால் குழந்தையை யார் தூக்குவார்கள் என்று வருகிறது.

மதியம் வந்தான். தலைமுடியெல்லாம் உப்பு. ஆமை பார்த்தானாம், விசிறி மாதிரி பவளம் பார்த்தானாம். இறங்கும்போது யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடி வேண்டும். அவனுக்கு ஜோடியாக ஒரு பல் டாக்டரைப் போட்டிருக்கிறார்கள். "செம ஆளு, அவங்க கண்ணப் பாத்தாலே என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சிடும்" என்றான்.

அவங்க கண்ணை.

நான் மசித்த வாழைப்பழத்தைத் தரையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, சனி

இன்று கப்பலுக்குப் போய்விட்டு வந்தான். "சொல்லாத, நானே பாக்கணும்" என்று சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாடு! உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவமாக இருந்தது.

பல் டாக்டரைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். நேற்றிலிருந்து மனசுக்குள் எவளோ ஒருத்தியை அலங்காரம் பண்ணி வைத்திருந்தேன். வந்தவருக்கு அம்மாவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். நரைத்த குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனாலும் எரிச்சல் போகவில்லை. இரண்டு பேரும் மேசையில் தண்ணீருக்கடியில் பேசுகிற கைப்பேச்சில் பேசிக்கொள்கிறார்கள். உப்பு வேண்டுமா என்பதற்குக்கூட. அவர் இடது உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினார். காற்று எவ்வளவு மிச்சம் என்று அர்த்தம். இவன் தன் தட்டில் மிச்சமிருந்த மீனைக் காட்டினான். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

அந்தச் சைகையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சிலிண்டர் மீட்டர் இருநூறு காட்டும்போது தொடங்குவோம், நூறு வந்தால் திரும்புவோம், ஐம்பது வந்தால் முஷ்டியை மூடிக் காட்டவேண்டும். முஷ்டியைக் காட்டிவிட்டால் பேச்சே கிடையாது, எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஜோடியோடு மேலே ஏறிவிட வேண்டும்.

எறும்பு மேசையில் தண்ணீரைக் கொட்டினான். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று யாரிடமும் பேசவில்லை. எறும்பிடம் பேசியது கணக்கில் சேராது.

மார்ச் 10, திங்கள்

படகுத்துறைக்கு எறும்பைத் தூக்கிக்கொண்டு போனேன். எந்த நாள் யார் யார் இறங்குகிறார்கள் என்று அங்கே ஒரு பலகையில் எழுதுவார்கள். டைவிங் மாஸ்டர் சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தார். புதன்கிழமைக்கு என் பெயரைக் கப்பல் பக்கம் எழுதச் சொன்னேன்.

"புதன்கிழமை சாயங்காலம்தானே உங்களுக்கு ஃப்ளைட்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று எனக்கே உறைத்தது. ஆழத்தில் இறங்கியவர்கள் ஒரு நாளாவது போகாமல் விமானம் ஏறக் கூடாது, உடம்புக்குள் காற்று குமிழிவிடும், உயிருக்கே ஆபத்து. முதல் வகுப்பில் முதல் பாடம். பரீட்சையில் எழுதித் தேறியவர்கள் நாங்கள் இரண்டு பேரும். கடைசி நாள் யாரும் இறங்குவதில்லை, அதனால்தான் அது காலியாக இருந்தது. காலியாக இருந்ததை எனக்குக் கொடுத்துவிட்டான். நானும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. அது தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

இன்னொன்றும் எழுதவேண்டும், யாரும் படிக்கப்போவதில்லை. அவர் சொன்னதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இறங்கவேண்டாம். அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் எங்கே போனேன்?

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். அவனுக்கு முகம் செத்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, "நாளைக்கு நீ போயேன், நான் இருந்துக்கறேன்" என்றான். பிறகுதான் சொன்னான். நடுவில் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருந்தது, அது என் காதில் விழுந்தது. "இவன் பாட்டில்ல குடிக்க மாட்டான், வேண்டாம், பரவால்ல" என்றேன். பரவாயில்லை என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன்?

எதிரே பல் டாக்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் அவர் பக்கம் போனதும், உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினார்.

விளையாட்டுக்கு என்று நினைத்துச் சிரிக்கப்போனேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

ஒரு கையில் குழந்தை. இன்னொரு கை தானாக மேசைக்கு மேலே வந்தது. முஷ்டியை மூடிக் காட்டினேன்.

"சரி," என்றார், ஏதோ அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது போல. "நாளைக்கு நான் மேல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஜோடியா இறங்குங்க."

ஐயோ, உங்கள் டைவ், கப்பல் — என்று இவன் இழுத்தான்.

"கப்பல் முங்கி எத்தனையோ வருஷமாச்சு தம்பி, நான் வரலைன்னு எந்திரிச்சுப் போயிடாது. பொழுதுக்கும் அடுத்தவங்க பல்ல நோண்டுறவ நான். பல்லு முளைக்கிற பிள்ளைய மூணு மணி நேரம் சமாளிக்க மாட்டேனா?"

எறும்பு அவர் மூக்குக்கண்ணாடிக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். முடிவாகிவிட்டது.

தூக்கம் வரவில்லை. போகவேண்டுமா?

மார்ச் 11, செவ்வாய்

போனேன்.

கிளம்பும்போது எறும்பு அழவில்லை, அதுவே எனக்கு அழுகையாக வந்தது. படகில் முழு நேரமும் கரையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குதிப்பதற்கு முன் ஒருவர் பெல்ட்டை ஒருவர் இழுத்துப் பார்த்தோம், வாரைச் சரிசெய்தோம். அவன் இவ்வளவு பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "பயமா இருக்கா?" என்றான். இல்லை என்றேன். மாஸ்க் போட்டிருந்ததால் நம்பிவிட்டான்.

இறங்கும் கயிற்றில் பாதி வழியில் நின்றுவிட்டேன். கீழே நீலம் தவிர வேறொன்றும் இல்லை. கை கயிற்றை விடவில்லை. மேலே போ, மேலே போ, பிள்ளை இருக்கிறான் — அம்மா குரலில் கேட்டது. அவன் எனக்குக் கீழே போயிருந்தவன், ஏறி வந்தான். அவசரப்படுத்தவில்லை. என் முகத்துக்கு நேரே மிதந்துகொண்டு உள்ளங்கையில் தட்டினான். எவ்வளவு?

மீட்டரைப் பார்த்தேன். நூற்றெழுபது. ஒன்று, ஏழு என்று விரலைக் காட்டினேன். அதைக் காட்டுவதற்காகவே கயிற்றிலிருந்து ஒரு கையை எடுக்கவேண்டியிருந்தது.

பிறகு கப்பல்.

எழுத வராது. சாய்ந்து கிடந்தது, தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பார்களே அப்படி. கைப்பிடிக் கம்பியெல்லாம் பவளம் முளைத்திருந்தது. சன்னல் வழியாக மஞ்சள் மீன்கள் கூட்டமாக உள்ளே போய், அடுத்த சன்னல் வழியாக வெளியே வந்தன, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. ஒரு வாஷ்பேசின் உடையாமல் வெள்ளையாக அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு பொடி மீன் குடித்தனம் நடத்துகிறது. நான் எட்டிப் பார்த்ததும் வெளியே வந்து முறைத்தது, வாடகை பாக்கிக்கு வந்தவளைப் பார்ப்பது போல.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவ்வளவு தடவை கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தட்டுவான், நான் காட்டுவேன், வட்டம் போட்டுச் சரி என்பான். நூற்றிருபது. சரி. நூறு. சரி.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை, எனக்குக் குழந்தை இருப்பதே மறந்துபோயிற்று. பெயர்கூட அல்ல, அவன் இருப்பதே. இதை எங்கே போய்ச் சொல்வது? ஆனால் பொய்யில்லை. நான் மட்டும் இருந்தேன்.

மேலே வரும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். நேராக மேலே போய்விடக் கூடாது, உடம்பு கீழேயிருந்து திரும்பி வரக் கொஞ்சம் நேரம் கேட்கும். அப்படிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது வெட்சூட்டுக்குள் நெஞ்சில் சூடாகப் பரவியது. பால். நான் மறந்திருந்தேன், உடம்பு மறக்கவில்லை. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க முடியாது.

கரையில் எறும்பு பல் டாக்டர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "மேல் பல்லு ரெண்டும் வருது," என்று விரலைக் காட்டினார், "ஆதாரம் இருக்கு." நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"என் பையன் வெளியூர்ல இருக்கான். போன்ல நான்தான் அவனக் கேப்பேன், சாப்பிட்டியா, தூங்கினியான்னு. தண்ணிக்குள்ள மட்டும்தான் என்னை ஒருத்தர் கேக்கறாங்க, எவ்வளவு மிச்சம்னு. அதுக்குத்தாம்மா காசு குடுத்து இவ்வளவு தூரம் வர்றேன். மீன் பாக்கறதுக்கா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இரண்டு மாஸ்க்கையும் நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா, தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

விமானத்தில் எறும்பு அழுதான். பல் டாக்டருக்கு நாளைதான் விமானமாம். படகுத்துறையில் தனியாக நின்று கையாட்டினார். அவர் போன் எண்ணை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை?

மார்ச் 29, சனி

பழைய கதைதான். மேல் பல் இரண்டும் வந்துவிட்டது. அவன் வேலை முடிந்து வர எட்டு மணி. இன்றும் 'பரவாயில்லை' என்றேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எறும்பு காலைக் கட்டிக்கொண்டு கத்தல், போனில் அம்மா, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். "பிள்ளை ஏன்டி அழறான், என்ன பண்ற நீ?" என்ன பண்ணுகிறேன் நான்.

அவன் வந்தது தெரியாது. திரும்பினால் வாசற்படியில் நிற்கிறான், ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டுவிட்டு, இடது உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினான்.

எழுபது என்று காட்டியிருக்கலாம். வாய்வரை வந்தது வழக்கமான சொல்தான். ஆனால் அந்தக் கைப்பேச்சில் பரவாயில்லை என்பதற்குச் சைகையே கிடையாது.

முஷ்டியை மூடிக் காட்டினேன்.

ஒற்றை ஷூவோடு உள்ளே வந்து எறும்பைத் தூக்கினான், என் தோளிலிருந்து போனை எடுத்து, "அத்தை, நான்தான், சொல்லுங்க" என்றான்.

எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். வெளியே எறும்பு என்னைத் தேடி அழ ஆரம்பித்தான். கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. திறக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.

மூன்று நிமிடம் மூச்சை எண்ணி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.