தாய்மாமன் மடியும் வயிற்றுப் பையும்

என் உயிரான அக்காவுக்கு,

நேற்று உன் மகளுக்குக் காது குத்தியாகிவிட்டது. கந்தர்வக்கோட்டைக்கு அங்கிட்டு, முந்திரிக்காட்டுக்குள் இருக்கிற நம் குலசாமி கோயிலில்தான். தாய்மாமன் மடி என் மடிதான். அதற்குள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

நீ போன பிறகு எனக்கும் அதே வியாதி வந்தது, அக்கா. இரத்தமாகப் போவதைச் சொன்னதும் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். உனக்கு ‘உடம்புச் சூடு’ என்று மோரும் வெந்தயமுமாகக் கொடுத்தவள் அவள்தானே.

பெருங்குடல் முழுக்கப் புண். ஊசி மருந்துக்கும் அடங்காமல் வயிறு வீங்கியது. உன்னிடம் சொன்னதையே டாக்டர் என்னிடமும் சொன்னார். “குடல் வெடிக்கிறதுக்குள்ள எடுத்துரணும். வயித்துல ஒரு பை வச்சிருவோம், மலம் அதுல எறங்கிக்கிரும்.”

அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? “பீயைக் கட்டித் தூக்கிக்கிட்டு எப்படிங்க கோயிலுக்குள்ள போவேன்? நாளைக்குச் சொல்றேன்.” விடிவதற்குள் குடல் ஓட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்தும் நீ பிழைக்கவில்லை. எனக்கு இன்னமும் உன்மேல் கோபம் தீரவில்லை.

நான் உடனே சரி என்றேன். உன் மகள் முகம் கண்ணுக்குள் நின்றது.

ஆனால் காதுகுத்து என்றதும் உன் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. பெரியப்பா மகனை உட்கார வைக்கச் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை. “கூடப்பொறந்தவன் நீ இருக்கையில வேற மடி எதுக்கு மாப்ள?” என்றார்.

கோயில் வாசலில் பூசாரியிடம் சொன்னேன். “வயித்துல மலப்பை கட்டியிருக்குங்க. உள்ள வரலாங்களா?”

திருநீற்றுத் தட்டோடு நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாரும் அதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் வாரோம் தம்பி. ஒனக்கு வெளிய இருக்கு, அம்புட்டுதான். நேரமாவுது, வா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை நீ யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா, அக்கா?

மடியில் ஏறியதும் பாப்பா சட்டைக்கு மேலேயே பையைத் தொட்டுப் பார்த்தாள்.

“வலிக்குதா மாமா?”

“இல்லத்தா.”

“காது குத்துனா?”

“கொஞ்சம் வலிக்கும்.”

என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை.

இந்த வியாதி அவளுக்கும் வருமா? தெரியவில்லை. வந்தால், மறைக்காமல் சொல்ல இப்போதே பழக்குவேன். வெட்கப்பட்டு ‘நாளைக்கு’ என்றாளானால், அந்த நிமிஷமே என் சட்டையைத் தூக்கிக் காட்டுவேன்.

உன் மகளுக்கு மடி கொடுக்க மிஞ்சியிருக்கிற,
உன் தம்பி.