பத்து டிகிரி

1960 பிப்ரவரி 9, திருப்பதி

லாட்ஜில் நான்காம் நாள். மலைப்பாதையில் பின்னோக்கி உருண்ட பஸ்ஸின் டீசலைச் சோதிக்க, பெட்ரோலும் டீசலும் பிரிக்கும் எங்கள் எண்ணெய் ஆலை என்னை அனுப்பியிருக்கிறது. டிரைவர் தூங்கிவிட்டான் என்கிறார்கள் விசாரணைக்காரர்கள்.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரியில் டிரைவர் நாகபூஷணத்தைப் பார்த்தேன். பஸ்ஸைப் பாறைப் பக்கம் ஒடித்து முப்பது பேரைக் காப்பாற்றியவர். அவருடைய வலது கால் நொறுங்கிவிட்டது.

"நான் தூங்கல சார். பத்து நாளா என்ஜின் கரும்புகை கக்கிக்கினு, டொக்கு டொக்குனு அடிச்சிக்கினு இருந்துச்சி. அந்த வளைவுல இழுக்காம நின்னுடுச்சி, பாரத்துக்கு பிரேக்கும் புடிக்கல."

தலையாட்டினேன். டிப்போவுக்குப் போய் டீசல் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12

டீசலில் தண்ணீர் இல்லை, மண் இல்லை. சட்டென்று தீப்பற்றவில்லை, அதுதான் கோளாறு. காரணம் எனக்குத் தெரியும். கனமான எண்ணெயை உடைக்கும் கிராக்கரில் சூட்டை ஏற்றினால் பெட்ரோல் கூடும். டீசல் குறையும், வருவதும் மட்டமாக வரும். ஜனவரியில் பெட்ரோல் போதவில்லை என்றார் மேனேஜர். பத்து டிகிரி ஏற்றியது யார்? இந்தக் கைதான்.

பிப்ரவரி 13

மேனேஜர் டிரங்க் காலில்: "டிப்போ டாங்கியில தண்ணி இருந்துச்சுன்னு எழுது. அடுத்த மாசம் உன் வேலை பர்மனென்ட்."

எழுதாவிட்டால் வேலை போகும். போனால் எங்கே போவேன்? சென்னையில் வேலை கேட்டால் நான் ஆந்திரா ஆள். இங்கே தெலுங்குக்காரர்கள் வாயில் 'அரவம்', தமிழன்.

பிப்ரவரி 14

எழுதினேன். கிழித்தேன்.

பிப்ரவரி 15, புத்தூர்

வீட்டுக்கு வந்து மனைவி தாட்சாயணியிடம் எல்லாம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "எதுனா எழுதிக்கோங்க. எழுதிட்டு சோறு துன்ன முடியுமானு மட்டும் பாத்துக்கோங்க."

பிப்ரவரி 17

உள்ளதை எழுதி விசாரணைக்கு நேரே அனுப்பிவிட்டேன். சூட்டைப் பழையபடி இறக்கினால் டீசலும் கூடும், தரமும் சரியாகும் என்று எழுதினேன். ஏற்றியது யார் என்று எழுதவில்லை. 'ஆலையில் ஏற்றப்பட்டது' — அவ்வளவுதான். கோழை.

மார்ச் 5

வேலை போய்விட்டது. ஆலையில் சூட்டை இறக்கிவிட்டார்களாம். நல்ல டீசல் வருகிறதாம்.

ஏப்ரல் 2

நேற்று திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எங்கள் புத்தூர் இங்கே ஆந்திராவிலேயே.

நாகபூஷணம் மேல் தப்பில்லை என்று முடிவாகிவிட்டது. வடமாலபேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். கால் மடங்கவில்லை, இனி பஸ் ஓட்ட முடியாது.

"நீங்க எழுதினதாலதான் சார் என் பேரு தப்பிச்சிது" என்றார்.

"சூட்ட ஏத்துனதே நான்தாங்க" என்றேன்.

மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தார். "சரி. போய்ட்டு வாங்க சார்."

எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி செல்லியம்மா, சொம்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.