கடைசித் தாள்

அன்புள்ள சித்தப்பா,

இதோடு இருக்கும் தாள் திருட்டுப் பொருள். திருடியது நான்தான்.

அப்பா பிரசங்கம் தயாரிப்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வசனத்தை வாரம் முழுக்கப் பென்சிலால் குடைவார். கடைசித் தாளில் ‘இந்த வாரம் செய்யவேண்டியது’ என்று எழுதுவார். போன ஞாயிறு அதை உருவிவிட்டு அம்மாவின் மளிகைச் சீட்டைச் செருகினேன். சபை முன்னால் அவர் “ரெண்டு சோப்பு” என்று வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி சொல்லும் பைபிள் வசனம்தான் அன்றைக்கு. அப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “உங்களுக்கு அவன்மேல வருத்தமான்னு இங்க கேக்கல. அவனுக்கு உங்கமேல வருத்தமான்னுதான் கேக்குது.” உங்கள் கல்யாணத்துக்கே வராமல், மூன்று வருஷமாக “நான் அவனை மன்னிச்சிட்டேன்” என்று சொல்லித் திரிந்த அதே அப்பாதான்.

கடைசித் தாளைப் புரட்டினார். சோப்பைப் பார்த்தார். “இதை நானே இன்னும் செய்யல. உங்களைச் செய்யுங்கன்னு எப்படிச் சொல்றது?” என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் திருட்டுத் தாளைப் பிரித்தேன். ‘எல்லோரிடமும் அன்பாயிருங்கள்’ என்று இருந்தது. அதற்கு மேலே, எழுதிவிட்டு அடித்துவிட்ட வரி ஒன்று: ‘தம்பி வீட்டுக் கதவைத் தட்டணும்.’

அப்பா இன்னும் மேசைக்கடியில் தேடுகிறார். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன்: “அது சித்தப்பாகிட்ட இருக்குப்பா, போய் வாங்கிக்கோங்க.” தட்டினால் உடனே கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். சித்தி கையால் ஒரு டீ குடிக்கும்வரை தேடுவதுபோல் நடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் வீட்டுத் தலைவலி