வெந்நீர் டம்ளர்

என் அம்மாவுக்கு, மகளின் வணக்கம். நான் சௌக்கியம். காலையில் உன் விரல்கள் மடங்குகின்றனவா?

நேற்று இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கூத்து. உன்னைப் போலவே முடக்குவாதம் உள்ள ஓர் அக்கா காலை முதல் ஆளாக என்னிடம் ஸ்கேனுக்கு வந்தார். விரல் மூட்டின் குருத்தெலும்பு திரையில் மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. “தேஞ்சே போச்சு,” என்று எழுதப் போனார் பெரிய டாக்டர். ஆனால் காலை விறைப்பில் விரல் நன்றாக மடங்காவிட்டால் அந்தப் பட்டை பக்கத்து எலும்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், அம்மா.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்று சொல்லி, உனக்குச் செய்வது போலவே அந்த அக்காவை வெந்நீர் டம்ளரைப் பிடிக்க வைத்தேன். பத்து நிமிடத்தில் விரல் மடங்கியது. பட்டை முழுசாக இருந்தது! அந்த அக்கா அழுதேவிட்டார்.

“இதை எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் டாக்டர்.

“எங்க வீட்டு அடுப்படில சார்.”

இன்று ஸ்கேன் அறைக்கு அவரே ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வந்திருக்கிறார்!

உன் கடிதங்களை அப்பாவே எழுதுகிறார். அடுத்த முறை இரண்டு வரியாவது நீ எழுது. கோணல்மாணலாக இருந்தாலும் எனக்கு உன் கையெழுத்து வேண்டும். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். எழுதுமுன் அப்பாவை வெந்நீர் வைக்கச் சொல்.