வெட்டுக்காயப் பூண்டு

மச்சான்,

அக்கா கை கழுவாமலே காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரில் பச்சிலை வாடை. வெட்டுக்காயப் பூண்டுதான். குன்னத்தூர்க் காட்டில் மற்ற களையெல்லாம் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. அதை மட்டும் தேடித் தேடிப் பிடுங்கி வரப்பில் போட்டுக் கொளுத்துகிறாள். உங்களைக் கொன்றது அந்தத் தழை என்று நினைக்கிறாள். ஊரும் அதையேதான் சொல்கிறது.

அரிவாள் பட்டால் அதைக் கசக்கிப் பிழிந்துவிட்டு அடுத்த பிடிக்குக் குனிவீர்கள். ரத்தம் நிற்கும், கிருமி சாகுமா என்று கேட்பேன். டிப்ளமோ படித்த திமிர். "காட்டுக் காயத்துக்குக் காட்டுத் தழைங்க மாப்ள. உங்க கம்பெனி இரும்புக்கு ஊசிதான்" என்று சிரிப்பீர்கள். அந்த டெட்டனஸ் கிருமி மண்ணிலும் உண்டு. அதைக்கூடப் பொறுமையாகச் சொன்னதில்லை நான்.

மழை ஏமாற்றிய வருஷம், நான் சூப்பர்வைசராக இருந்த வேலம்பாளையம் பனியன் கம்பெனிக்கே வேலைக்கு வந்தீர்கள். சரக்கு ஏற்றும் நாளில், குடோனின் துருப்பிடித்த தகரக் கதவு உங்கள் உள்ளங்கையைக் கிழித்தது. கழிவுத் துணியைச் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தீர்கள்.

"ஒரு ஊசி போட்டுட்டு வந்தர்றனுங்க மாப்ள."

லாரி வாசலில் நின்றது. வேறு ஆள் இல்லை. வேலியோரம் போய்த் தழையைப் பறித்து வந்தவன் நான். கசக்கிப் பிழிந்தவனும் நான்.

"உங்க மருந்துதானுங்க மச்சான். ஊசி நாளைக்குப் போட்டுக்கலாம்."

என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். சைக்கிளை மறுபடி ஸ்டாண்டு போட்டீர்கள். அடுத்த நாளும் சரக்கு இருந்தது. அதற்கடுத்த நாள் இருவருமே மறந்துவிட்டோம்.

எட்டாம் நாள் உங்கள் தாடை இறுகிக்கொண்டது. ஊசி போட்டாரா என்று டாக்டர் கேட்டார். "தழை வெச்சுக்கிட்டாருங்க" என்றேன். பக்கத்தில் அக்கா நின்றாள். உங்களால் வாய் திறக்க முடியவில்லை; கண் மட்டும் என் மேல் இருந்தது.

இன்று அக்கா சொல்கிறாள்: "நீ படிச்சவந்தானே கண்ணு. இது வேரோட சாவறாப்புல ஒரு மருந்து வாங்கியாந்து அடிச்சுப்போடு."

வாங்கி வந்துவிட்டேன். விடிந்ததும் அடிக்க வேண்டும். பறித்தது நான், உங்களைப் போகவிடாமல் நிறுத்தியது நான் என்று அவளிடம் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

உங்களுக்குத் தாடை இறுகிப்போயிருந்தது. எனக்கு அதுவும் இல்லை.