துளுக்காத கிடா

9-3-2025, ஞாயிறு

பெரிய பன்றி 4. குட்டி 17. ஆடு 11. பத்து 1.

பத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல்தான் தனியாக எழுதுகிறேன்.

இது என் வீட்டுக்காரருடைய நோட்டு. எத்தனை உருப்படி, எது தின்றது, எது தின்னவில்லை என்று தினமும் எழுதுவார். கடைசியாக எழுதியது, ‘1-5-24. டீச்சர் 9 குட்டி. எல்லாம் உசுரோட இருக்கு.’ மறுநாள் அவர் உசுரோட இல்லை. டீச்சர் என்பது பெரிய வெள்ளைப் பெண் பன்றி. குட்டிகளை வரிசையாகப் போட்டு மேய்ப்பதால் அவர் வைத்த பெயர். அன்றிலிருந்து நான்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. எண்ணிக்கை மட்டும் எழுதலாம் என்று ஆரம்பித்தேன், என்னென்னவோ வருகிறது. வரட்டும். பன்றி படிக்கவா போகிறது?

10-3-2025, திங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து டிரம் வரவில்லை. மெஸ் நடத்தும் வைஷ்ணவி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னிக்கு ஏகாதசின்னா. சாதமே வடிக்கலை. உங்க கால்நடைக்கு ஒருநாள் வேற ஏதாவது போடுங்கோளேன்.”

கால்நடை என்றுதான் சொல்வார். மீந்த சோறு எதற்கு என்று முதல் நாள் என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தபோது, அந்த அம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாராம். “கால்நடைன்னு சொல்லிட்டேள், போறும்.” நாலு வருஷமாக டிரம் வருகிறது, “எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்கிறார், பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. வெங்காயம் பூண்டு இல்லாத சோறு தின்று, மாதம் இரண்டு ஏகாதசிக்கு என் பன்றிகள் விரதம். தவிடும் மரவள்ளியும் போட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கின்றன. புளியோதரை நாக்கு.

டிரம்மில் வருவதை மறுபடி கொதிக்க வைக்காமல் போடக்கூடாது, நோய் வரும். பத்துக்கு ஒரு வாய்கூடப் போகக்கூடாது. பன்னி தின்னா சதை, ஆடு தின்னா சாவு என்பார் அவர். சோறு ஆட்டு வயிற்றில் புளித்து உப்பிவிடும். ஆனால் தொட்டிக்கு முதலில் ஓடி வருவது பத்துதான். கொம்பைப் பிடித்து இழுத்து வெளியே கட்டி, அகத்திக் கீரை போட்டேன். எனக்குப் பின்னால் இருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டு மென்றான்.

19-3-2025, புதன்

டாக்டரம்மா ரோசரி வந்து பன்றிகளுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட்டார். பத்தும் வரிசையில் நின்றான்.

“இது யாருங்க?”

“அதுவும் இங்கதாங்க.”

சொன்னேன். என் வீட்டுக்காரர் போன நாலாம் நாள் என் ஆடு ஒன்று குட்டி போட்டுச் செத்தது. வீடு முழுக்க ஆள். நான் மூலையில் கிடந்தேன். ஆட்டை யார் பார்த்தார்கள்? எழுந்து போனபோது, ஆட்டுக்குட்டி கம்பி இடுக்கில் நுழைந்து டீச்சரிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. பன்றிக்குட்டி ஆளுக்கொரு காம்பு பிடித்துக்கொள்ளும், அடுத்தவன் காம்பைத் தொடாது. ஒன்பதுக்கு ஒன்பது போக மீதிக் காம்பு இருந்தது. பத்தாவதாக வந்தவன், பத்து.

“இருபது வருசமா ஊசி போடுறேன். பன்னிக்கூட்டத்துல நின்னு முதுகைக் காட்டுற கெடாவ இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

வெள்ளைப் பன்றிக்கு வேர்க்காது. நம் ஊர் வெயிலில் மத்தியானம் குழாய் பிடித்து நனைக்காவிட்டால் செத்துப் போகும். நான் குழாயைத் திறந்ததும் எல்லாவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு பத்து முன்னால் வந்து நின்றான்.

“ஆட்டுக்குத் தண்ணின்னா ஆகாதே!”

“இவன்கிட்ட யாரும் அதைச் சொல்லலங்க.”

சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

6-4-2025, ஞாயிறு

கொழுந்தன் கலையரசன் வந்தார். தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணி, அண்ணன் போன வருசம் மாசி மாசம் நம்ம கருப்புக்கு ஒரு கெடா நேர்ந்துச்சு. உங்க ஆட்டுல அடுத்துப் பொறக்குற கெடாக்குட்டி. வருசம் முடியுற வரைக்கும் கோயிலுக்குப் போகக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல. திதி முடிஞ்சதும் வைகாசில வெட்டிருவோம்.”

அடுத்துப் பிறந்த கிடாக்குட்டி பத்துதான்.

“எதுக்காக நேர்ந்தாரு?”

“அது பூசாரிக்கும் சாமிக்கும்தான் தெரியும். வெளிய சொல்லக் கூடாதுல்ல.”

“உடம்புக்காக நேர்ந்திருந்தா? ஆளே போயிட்டாரே தம்பி. சாமி செய்யல, நாம மட்டும் எதுக்குச் செய்யணும்?”

“சாமிகிட்ட வழக்குப் பேசாதீங்க அண்ணி.”

போகும்போது பத்தின் முதுகைத் தடவி அமுக்கிப் பார்த்தார். தடவிக் கொடுக்கிறார் என்று பத்து வயிற்றையும் காட்டினான்.

“பதினெட்டு கிலோ நிக்கும்” என்றார்.

7-4-2025

பதினெட்டு கிலோவாம்.

22-4-2025, செவ்வாய்

வருஷத் திதி முடிந்தது. கோயிலுக்கு மே 23 வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

எதுக்கு நேர்ந்தீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாவது சொல்லியிருக்கலாம்.

24-4-2025, வியாழன்

தூக்கம் வராமல் கோயிலில் நடக்கப்போவதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கிடாவுக்கு மாலை போடுவார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பை ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். அதுதான் துளுக்குவது. துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துளுக்காதவரை கத்தியைத் தொடக்கூடாது. பெரும்பாலும் முதல் சொம்புக்கே துளுக்கிவிடும். ஆட்டுக்குத்தான் தண்ணீர் பிடிக்காதே —

எழுதும்போதே கை நின்றுவிட்டது.

25-4-2025

ஒரு சொம்பு. துளுக்கவில்லை.

26-4-2025

மூன்று சொம்பு, மஞ்சள் கரைத்து. துளுக்கவில்லை. சொம்பை முட்டி இன்னும் கேட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

2-5-2025, வெள்ளி

இன்றைய தேதி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஐந்து நாள் பன்றி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு, மூன்று பன்றிக்குட்டியோடு வந்து இறங்கினார். ஆடு என் பிறந்த வீட்டுச் சீர். ஆட்டுக்காரி வீட்டில் பன்றியா? “அந்தக் கொட்டகைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்” என்றேன். வைக்கவில்லை. மத்தியானச் சோற்றை வேலிக் கம்பிக்கு மேல் நீட்டுவேன், வாங்கிக்கொள்வார். டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். “இன்னொரு டிரம்மு இருக்கு ரெங்கம், வாயேன்” என்பார். அந்த முதல் ஈற்றுக் குட்டியை விற்ற பணத்தில்தான் கூரை மாற்றினோம். அப்போதும் போகவில்லை.

அன்றைக்குச் சோறு கொண்டுபோனபோது குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பன்றிகள் கத்தின. வெளியே நின்று கூப்பிட்டேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. வெளியவே நின்னு மூணு தடவை. அப்புறம்தான் உள்ள போனேன். சேத்துல கிடந்தாரு. டீச்சர் மூக்கால புரட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு முன்னாடி அது வந்திருச்சு.

போதும்.

9-5-2025, வெள்ளி

மனசு கேட்கவில்லை. அவர் கடைசியாக வேண்டிக்கொண்டது ஒன்று. அதைக் கெடுக்கிறவள் நானா? இவன் துளுக்க மாட்டான் என்று தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு அழைத்துப் போனால், அது கருப்பையே ஏமாற்றுவது.

அதனால் பத்துக்குத் துளுக்கச் சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஆடுகளில் ஒன்றைப் பக்கத்தில் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். அது ஒரே உலுக்கு. “பாத்தியா? இப்படி.” இவனுக்கு ஊற்றினேன். கண்ணை மூடினான். என் தலையிலும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு நானே உலுக்கிக் காட்டினேன். கொண்டை அவிழ்ந்ததுதான் மிச்சம். அசைபோட்டுக்கொண்டே பார்த்தான். டிரம் இறக்க வந்த ஆட்டோக்காரர் வாசலில் நின்று, “அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?” என்றார்.

22-5-2025, வியாழன்

நாளைக் காலை ஐந்து மணிக்கு வண்டி. டீச்சர் தின்னவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

24-5-2025, சனி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஏகாதசி, டிரம் வராது. பன்றிகளுக்குத் தவிட்டைப் போட்டுவிட்டு, பத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, டோல்கேட்டிலிருந்து துறையூர் வழியாக உப்பிலியபுரம் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனோம். சொந்தக்காரர்கள் அறுபது பேர். சமையல்காரர் மசாலா அரைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார். பூசாரி மற்ற நாளில் டிராக்டர் ஓட்டுபவர், அன்றைக்கும் உழவு பாக்கி என்று அவசரத்தில் இருந்தார்.

முதல் சொம்பு. பத்து கண்ணை மூடினான். இரண்டாவதுக்கு மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினான். குடம் வந்தது. காலை மடக்கி உட்கார்ந்தான். இரண்டாவது குடத்துக்கு ஒருக்களித்துச் சாய்ந்து வயிற்றைக் காட்டினான். காதில் ஊற்றினார்கள், அந்தக் காதை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தான்.

“இது கெடாவா எருமையா?”

“தண்ணி பத்தல மாமா. டேங்கருக்குச் சொல்லவா?”

பத்தரை மணிக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டு ஆகிவிட்டது. கலையரசன் கையெடுத்துக் கும்பிட்டு, “கருப்பா, அறுபது பேரு பசியோட இருக்காங்கய்யா” என்றார். பத்து தூங்கிவிட்டான்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். “வேண்டுதல் நெறவேறலன்னா சாமி உத்தரவு தராது. கேட்டது நடந்துச்சா இல்லையா, அதைப் பாக்கணும். பொதுவா வெளிய சொல்றதில்ல. இப்ப வேற வழியில்ல.” என்னைப் பார்த்தார். “ஏம்மா, காத்தமுத்து சம்சாரம் நீதானே? அவன் கேட்டது ஒன்னப் பத்தித்தான். ‘எம்பொண்டாட்டி ஒருநாளாவது பன்னிக் கொட்டகைக்குள்ள வந்து, உக்காந்து ஒரு வாய் சோறு திங்கணும்.’ இதுதான் கேட்டான். நானே சிரிச்சேன். இதுக்காடா கெடான்னேன். நீங்க எம்பொண்டாட்டியப் பாத்ததில்லன்னான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலையரசன் அவசரமாக, “அண்ணன் இருந்த வரைக்கும் அண்ணி அதுக்குள்ள கால் வச்சதே இல்ல. ஊருக்கே தெரியும்” என்றார்.

அப்படியே விட்டிருந்தால் பத்து பிழைத்துப் போவான். கேட்டது நடக்கவில்லை, கிடா கடன் இல்லை. வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

“போனேங்க” என்றேன். “அவரு விழுந்த அன்னைக்குத்தான் மொதல்ல போனேன். அதுக்கப்புறம் தெனமும் போறேன். நான்தான் கழுவுறேன், நான்தான் பிரசவம் பாக்குறேன். இந்தக் கெடாவும் உள்ளதான் வளந்துச்சு. பன்னிப் பால் குடிச்சது. தெனம் மத்தியானம் பன்னியோட குளிக்குது. அதான் துளுக்கல. எனக்கு ஒரு மாசமாத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.”

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓரகத்தி கையைப் புடவையில் துடைத்தாள். “பன்னிப் பாலா?” “சாமிக்கு ஆகுமா?” “நமக்கு ஆகுமா?” ஆளாளுக்குப் பேச்சு.

பூசாரி மட்டும் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். “கருப்புக்கு ஆடும் வெட்டியிருக்கேன், பன்னியும் வெட்டியிருக்கேன். கத்தி தனித்தனி. இதுக்கு நான் எந்தக் கத்திய எடுக்குறது?”

“சாமிகிட்ட கேளுங்க” என்றார் கலையரசன்.

“கேட்டேன். சாமியும் யோசிக்குது.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “உள்ள போனே, சரி. உக்காந்து சோறு தின்னியா?”

“இல்லைங்க.” பொய் சொல்ல முடியவில்லை. கொட்டகையில் எல்லா வேலையும் செய்திருக்கிறேன். அந்த டிரம்மில் மட்டும் உட்கார்ந்ததில்லை.

“அப்ப பாதிதான் நடந்திருக்கு. பாதி வேண்டுதலுக்குக் கெடா எப்படித் துளுக்கும்? கூட்டிட்டுப் போ. மீதிய முடி. என்னைக்குத் துளுக்குதோ அன்னைக்கு எனக்குப் போன் போடு.” நம்பரை என் கையில் பேனாவால் எழுதிவிட்டு டிராக்டருக்குப் போய்விட்டார்.

அரைத்த மசாலாவுக்கு உப்பிலியபுரத்துக் கடையில் பிராய்லர் கோழி வாங்கி வந்தார்கள். கலையரசன் என்னோடு பேசவில்லை. பத்து வண்டியில் மாலையைத் தின்றுகொண்டே வந்தான்.

சோறு திங்கறதுக்கு ஒரு கெடாவாங்க? கேட்டிருந்தா வந்திருப்பேனே. கேட்டீங்க. தெனமும்தான் கேட்டீங்க.

26-5-2025, திங்கள்

மத்தியானம் டிரம் வந்தது, கொதிக்க வைத்துப் போட்டேன். குழாய் பிடித்து எல்லாவற்றையும் நனைத்தேன். பிறகு என் சோற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் டிரம் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. நாற்றம்தான். ஆனால் காற்று அந்த இடத்தில்தான் வருகிறது. அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது பத்து எழுந்து என் முன்னால் வந்து நின்றான். கொம்பிலிருந்து வால் வரை, ஒரே உலுக்கு. தட்டு, முகம், புடவை, எல்லாம் தண்ணீர். சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

குளிக்கும்போது கையிலிருந்த நம்பர் அழிந்துவிட்டது. கலையரசனிடம் இருக்கும். கேட்கவில்லை.

பெரிய பன்றி, பத்தோடு சேர்த்து 5. குட்டி 17. ஆடு 11.